‘ஸ்டடி’ என்ற சொல்லைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடைசிக் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அதில் நலம் விசாரித்த இரண்டு வரிகளுக்குக் கீழே, ஆய்வேட்டின் தலைப்பில் ‘ஸ்டடி’ என்று போடுவதா, வேறு சொல் போடுவதா என்று கேட்டிருந்தாய். அன்றே பதில் எழுதினேன். அது போதவில்லையோ என்று இப்போது தோன்றுவதால், அந்தச் சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன். வேறு எதைப் பற்றியும் கேட்கப் போவதில்லை.

நாளிதழ் படித்தேன், தேர்வுக்குப் படித்தேன், கல்லூரியில் படித்தேன் என்று தமிழில் ஒரே சொல்லால் மூன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘ரீட்’. மற்ற இரண்டுக்கும் ‘ஸ்டடி’. இந்த ‘ஸ்டடி’ உழைப்பைத்தான் சொல்லும். உழைத்ததால் மனத்தில் என்ன நின்றது என்பதைச் சொல்லாது. அதற்கு ‘லேர்ன்’ என்று தனிச்சொல் உண்டு. ஆகவே இரவெல்லாம் ‘ஸ்டடி’ செய்தும் எதையும் ‘லேர்ன்’ செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால், அந்த மொழியில் அது முரண் ஆகாது. ஒன்றும் கைகூடாத மாதங்களுக்கும் பொருந்துகிற சொல் அது என்பதை நீ கவனிக்க வேண்டும். இரவில் கண்விழிக்காதே.

இதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. அங்கே ‘ஸ்டூடியம்’ என்றால் ஆர்வம், ஒன்றின்மேல் வைக்கும் ஈடுபாடு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகும், ‘பாடுபடு’, ‘நாடு’ என்ற பொருள் வெகுகாலம் அதில் தங்கியிருந்தது. 1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், அமைதியாக இருக்க முயலுங்கள் என்று சொல்லும் இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. அந்த வரியைப் பார்த்தபோது உன் நினைவு வந்தது. அமைதியாக இருப்பதற்கும் ஒருவர் பாடுபட வேண்டியிருக்கும் என்று நான் அதுவரை எண்ணியதில்லை. ஆனாலும் நான்கு மாதம் அதிகம், அம்மா. உன் தாய் தினமும் அஞ்சல் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள்.

வீட்டில் எழுதவும் படிக்கவும் ஒதுக்கிய அறைக்கும் ‘ஸ்டடி’ என்றே பெயர். மாடி அறையில் உன் மேசை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆய்வுக்கும் ஆய்வறிக்கைக்கும் அதே பெயர்தான். உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: ‘எ ஸ்டடி ஆஃப்’ என்று தலைப்பைத் தொடங்காதே. ஆய்வேடு ஆய்வுதான் என்பது அதை எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியும். எதை ஆராய்ந்தாயோ அதன் பெயரோடு தொடங்கு. அந்த ஆய்வேடு இப்போது எந்த நிலையில் இருந்தாலும், ஒருவேளை அதற்குத் தலைப்பே தேவைப்படாமல் போயிருந்தாலும், இந்தப் பதில் உனக்கு எப்போதாவது உதவும். இரவில் கண்விழிக்காதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

நாடகத்தில் இன்னொருவரின் பாத்திரத்தையும் மனப்பாடம் செய்து, அவரால் வர முடியாத நாளில் மேடையேறுகிறவரை ‘அண்டர்ஸ்டடி’ என்பார்கள். அக்காவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, யாரும் சொல்லாமலே அவளுடைய வசனம் முழுவதையும் நீ அறிந்து வைத்திருந்தாய். வசனத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் நடிகருக்கு ‘குவிக் ஸ்டடி’ என்று பெயர். அரங்கின் பின்வரிசையில் இருந்தவர்களிடம் எல்லாம், அது என் சின்ன மகள் என்று சொன்னேன். உன்னிடம் அதைச் சொன்னேனா என்பது நினைவில் இல்லை.

‘பிரவுன் ஸ்டடி’ என்றும் ஒரு வழக்கு உண்டு. சுற்றி நடப்பது தெரியாமல் ஆழ்ந்த யோசனையில், பெரும்பாலும் துயரம் கலந்த யோசனையில், மூழ்கியிருக்கும் நிலை அது. அதில் ‘பிரவுன்’ என்பது நிறத்தைக் குறிப்பதில்லை. இருண்ட, வாட்டமான என்பதே அந்தச் சொல்லுக்கு அங்குள்ள பழைய பொருள். சன்னலோரம் நீ அப்படி உட்கார்ந்திருந்ததை நான் சோம்பல் என்றே எடுத்துக்கொண்டேன். சித்தப்பா விஷயத்துக்குப் பிறகாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஓவியர்கள் பெரிய படத்தைத் தொடங்குமுன் ஒரு கையை, ஒரு துணிமடிப்பைத் தனியே வரைந்து பார்ப்பார்கள். லியொனார்தோ டா வின்சி வரைந்த கைகளும் முகங்களும் அப்படித்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த வரைவுகளுக்கும் ‘ஸ்டடி’ என்றுதான் பெயர். இதை நான் தெரிந்துகொண்டது நீ வீட்டை விட்டுப் போன பிறகு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பு, தூங்கிக்கொண்டிருந்த என் இடது கையை நீ கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்தாய். கட்டைவிரலை மூன்று முறை அழித்து வரைந்ததில் தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிருக்கிறது. நகத்தருகே உள்ள தழும்பு, நான் மறந்துவிட்ட தழும்பு, அதில் இருக்கிறது. கண்விழித்துப் பார்த்த நான், போய்ப் படி என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். தேர்வு முடிந்ததும் தருவதாகச் சொன்னேன், தரவில்லை. நீயும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ வரைந்து நான் பார்த்ததும் இல்லை. இத்தனை ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவன், என் மகள் கண்ணெதிரே செய்துகொண்டிருந்ததற்கு என்ன பெயர் என்று தெரியாமல் இருந்தேன். தவறு என்னுடையது.

நோட்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதை அஞ்சலில் அனுப்பட்டுமா, அல்லது நீ வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

அன்புடன்,
அப்பா