செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான நம் தமிழ்ச் சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு மூன்றும் வழக்கம்போல் நடந்தன. குழந்தைகள் விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது. அதில் நான்கு முறை, கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை) சேர முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

இனி, ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரை அளவுக்கு மீறிச் சிறைக்கு அனுப்பும் சட்டங்களைப் பற்றிப் படிக்கும் நம் சட்ட வாசிப்புக் குழு. "தமிழ்ச் சங்கத்துக்கு ஜெயில் சட்டமெல்லாம் எதற்கு?" என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள், அப்புறம் வாட்ஸ்அப்பிலும் கேட்டார்கள். இதைத் தொடங்கியவன் நான் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் ஒவ்வொரு விழாவிலும் குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன், இது இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பூனூரோங் மக்களின் நிலம் என்று மேடையில் வாசிக்கிறோம். பெரும்பாலும் வாசிப்பவன் நான்தான். 2024 பொங்கலுக்கு வாசித்துவிட்டு இறங்கியபோது பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், கையில் சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு வந்து, "அங்கிள், அவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தேடியபோது கிடைத்த விவரங்களில் என்னைத் தூங்கவிடாதது சிறைக் கணக்குதான். ஆஸ்திரேலியாவில் நூறு பேரில் பூர்வகுடியினர் 4 பேர்கூட இல்லை. 2024 ஜூனில் சிறையில் இருந்தவர்களில் 36 சதவீதம் பேர் அவர்கள். 1991-ல் இது சுமார் 14 சதவீதம்.

அந்த 1991-ல்தான் ராயல் கமிஷன் (அரசு அமைத்த உயர்நிலை விசாரணைக் குழு) பூர்வகுடியினரின் 99 காவல் மரணங்களை ஆராய்ந்து 339 பரிந்துரைகள் கொடுத்தது. பூர்வகுடியினர் சிறைக்குள் போன பிறகு மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் சாகவில்லை, அளவுக்கு மீறி உள்ளே அடைக்கப்படுவதால்தான் இத்தனை சாவு என்றது அந்த அறிக்கை. அப்படியென்றால் ஆளை உள்ளே அனுப்பும் சட்டங்களைத்தான் முதலில் திருத்த வேண்டும். 2018-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் அறிக்கையும் 35 பரிந்துரைகளில் இதையே சொன்னது. கட்டாயத் தண்டனைச் சட்டங்களை எடுத்துவிடுங்கள், அபராதம் கட்டாததற்காகச் சிறைக்கு அனுப்பாதீர்கள், ஜாமீன் முடிவு செய்யும்போது அவர்களின் குடும்ப, சமூக நிலையைப் பாருங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

இந்த ஆணைய அறிக்கையைத்தான் நாங்கள் கூடத்தின் பின்னறையில் மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து படித்தோம். பொது இடத்தில் குடித்திருப்பதைக் குற்றமாக வைக்காதீர்கள் என்று ராயல் கமிஷன் 1991-லேயே சொல்லியிருந்தது. நம் விக்டோரியா மாநிலம் அந்தக் குற்றத்தை நீக்கியது 2023 நவம்பரில். இடையில் 2017 டிசம்பரில் யோர்தா யோர்தா பெண்மணி தான்யா டே ரயிலில் தூங்கியதற்காக இந்தக் குற்றத்தில் கைதாகி, போலீஸ் அறையில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் விடாமல் போராடியதால்தான் சட்டம் மாறியது.

ஜாமீனுக்கு (நம் இலங்கை உறுப்பினர்கள் பிணை என்பார்கள்) மூன்று கூட்டங்கள் எடுத்துக்கொண்டோம். விக்டோரியாவில் 2018-ல் ஜாமீன் சட்டத்தை இறுக்கினார்கள். அதன்படி பல வழக்குகளில், ஏன் ஜாமீன் தர வேண்டும் என்று கைதானவரே காட்ட வேண்டியிருந்தது. வெரோனிகா நெல்சன் என்ற 37 வயதுப் பூர்வகுடிப் பெண், 2019 டிசம்பர் 30 அன்று கடைத்திருட்டுச் சந்தேகத்தில் கைதானார். மறுநாள் வக்கீல் இல்லாமல் தானே நின்று ஜாமீன் கேட்டார், கிடைக்கவில்லை. ஜனவரி 2 அன்று சிறை அறையில் இறந்து கிடந்தார். உள் தொலைபேசியில் குறைந்தது 40 முறை உதவி கேட்டிருந்தார். மரண விசாரணை அதிகாரி 2023-ல் அந்தச் சட்டத்தையே கடுமையாகக் கண்டித்த பிறகு, 2024 மார்ச்சிலிருந்து அது தளர்த்தப்பட்டது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 மார்ச்சில், அரசு மறுபடியும் இறுக்கிவிட்டது. சிறுவர்களைக் காவலில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி கூட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கத்து ஐயா ஒருவர் பேசியதை இங்கே பதிவு செய்கிறேன். ரேகைச் சட்டம் (சில சாதியினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கி, கைரேகை எடுத்துக் கண்காணித்த ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டம்) இருந்த காலத்தில் அவருடைய தாத்தா பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய் இரவு தங்குவதென்றால்கூட ராத்திரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம். "தப்பு செஞ்சவனுக்கு இல்லப்பா, பிறந்தவனுக்கு" என்று சொல்லி, கட்டை விரலை மேசையில் அழுத்திக் காட்டினார். சங்கத்துக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் யாரும் அன்று வந்திருக்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு 14 பேர் வந்தார்கள், கடைசிக் கூட்டத்துக்கு 3 பேர். ஜாமீன் சட்டம் பற்றி நம் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூன்று ஞாயிறு செலவழித்த கடிதம் அது. நூற்றைம்பது குடும்பங்கள் உள்ள சங்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் 11 பேர். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சிலர் பயந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் குடியுரிமை வாங்கி இருபது வருடமானவர்களும் அதையே சொன்னபோது வருத்தமாக இருந்தது. கடிதம் கிடைத்தது என்று இரண்டு வரி பதில் வந்திருக்கிறது. விடாமல் இன்னொன்று எழுத வேண்டும்.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் தனியே சொல்வார். சுருக்கமாகச் சொன்னால், விழாக்கள் தம் செலவைத் தாமே ஈடுகட்டின, கூடத்தின் வாடகை ஏறியதால் சிறு பற்றாக்குறை. வாசிப்புக் குழுவுக்குப் பணம் போனதால்தான் பொங்கல் விழாவுக்கான செலவைக் குறைத்தோம் என்று சிலர் சொல்வது உண்மையில்லை. நகல் எடுத்த பணம் மட்டும்தான் சங்கத்துக்குச் செலவு, டீயும் சுண்டலும் என் வீட்டிலிருந்து வந்தவை. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. பெயர்களை வாசிக்கப் போவதில்லை.

தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், கூடத்தைத் திறந்து கொடுத்த நண்பர், சமையல் பொறுப்பெடுத்த அக்காமார் அனைவருக்கும் நன்றி.

நான்கு ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு பொறுப்பை ஒப்படைக்கிறேன். ஆனால் யார் வந்தாலும் வாசிப்புக் குழுவை மட்டும் மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விக்டோரியாவில் குற்றப் பொறுப்பு வயதை (ஒரு பிள்ளை மீது குற்ற வழக்குப் போடக்கூடிய குறைந்தபட்ச வயது) பத்திலிருந்து பன்னிரண்டாக்கச் சட்டம் வந்துவிட்டது. பதினான்காக்குவோம் என்ற வாக்குறுதியை அரசு 2024-ல் கைவிட்டது. வடக்குப் பிரதேசத்திலோ பன்னிரண்டாக்கிய வயதை அதே ஆண்டு திரும்பவும் பத்தாகக் குறைத்துவிட்டார்கள். அடுத்த கடிதம் இதைப் பற்றித்தான். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு, மாலை 3 மணி, அதே பின்னறை. பொங்கலன்று கேள்வி கேட்ட பெண் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆணைய அறிக்கைக்கு ஆறு நகல்கள் எடுத்திருந்தோம், மூன்று திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் அன்று கையோடு கொண்டுவந்தால் அவளுக்கு ஒன்று கொடுக்கலாம்.