மழையில் நடந்த பதவியேற்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 செப்டம்பர் 29 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 30ஆவது தலைவராக கிளாடின் கே முறைப்படி பொறுப்பேற்ற விழாவில், அங்கு பயின்ற மாணவர்களுள் ஒருவனாக நானும் அமர்ந்திருந்தேன். வைட்னர் நூலகத்திற்கும் நினைவுத் தேவாலயத்திற்கும் இடைப்பட்ட புல்வெளியில் நடந்த அந்நிகழ்ச்சியில் மழையால் உடையும் நாற்காலியும் நனைந்தன. ஆயினும் எழுந்து செல்ல மனம் வரவில்லை.

1650ஆம் ஆண்டுச் சாசனம், வெள்ளிச் சாவிகள், முத்திரைகள் ஆகியவற்றை அவரிடம் ஒப்படைத்த சடங்கு அழகாகவே இருந்தது. என்னை உலுக்கியது அவரது உரைதான். ஹைட்டியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளும், அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவருமான அவர், தாம் நின்ற இடத்திற்கு மிக அருகிலேயே, 18ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகத் தலைவர்கள் குடியிருந்த வாட்ஸ்வொர்த் இல்லத்தில் அடிமைகளாக உழைத்த டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா ஆகிய நால்வரின் பெயர்களையும் எடுத்துச் சொன்னார். அவ்வீட்டுச் சுவரில் 2016இல் பதிக்கப்பட்ட நினைவுப் பலகையை நாள்தோறும் கடந்து சென்றிருந்தும், ஒருமுறையேனும் நின்று படிக்கவில்லையே என்று வருந்தினேன். விழா முடிந்ததும் நனைந்த உடையுடன் முதலில் அங்குதான் சென்றேன்.

2024 ஜனவரி 2 அன்று அவர் பதவி விலகியபின், அக்கொண்டாட்டமே வீண் என்று நண்பர்கள் சிலர் கூறினர். நான் அதை ஏற்கவில்லை. அந்த நால்வரை எனக்கு அறிமுகப்படுத்தியது அந்த விழாதான்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவன்,
கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்.