எந்த வார்டிலும் சேராத கால்வாய்

வட ஆற்காட்டுச் சிறு நகராட்சிகளின் மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள் இருந்தன. சாலை போடும்போதெல்லாம் ஒரு படி புதைந்தது. இப்போது தெருவும் நடையும் ஒரே மட்டம். கோடை மழைக்கே தெருத் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடுகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது எங்கள் தெருவரை வந்து சேரவில்லை. போட்ட சாலையையும் நான்கே மாதத்தில் குடிநீர்க் குழாய்க்காக வெட்டினார்கள்.

படி போனது போகட்டும். பணம் பங்கிடப்படும் விதத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். வருகிற நிதியை வார்டு வாரியாகக் கூறு போட்டு, ஆளுக்கொரு தெரு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். சண்டை இல்லை, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிடும். ஏரி நிரம்பி வழியும் கலங்கலிலிருந்து பாலாறு வரை போகும் கால்வாய் மட்டும் யார் கணக்கிலும் வராது. ஐந்தாறு வார்டுகளைத் தொட்டுக்கொண்டு ஓடுவதற்கு எவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பார்? 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது எங்கள் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது, அந்தக் கால்வாயின் மண்ணடைத்த சிறுபாலத்தில் வழியில்லாமல் திரும்பிய ஏரித் தண்ணீர். அந்தப் பாலத்தின் ஒரு கண்ணில் இன்றும் தோல் துண்டுகளும் பிளாஸ்டிக்கும் அடைத்து, மேலே எருக்கஞ்செடி இடுப்புயரம் நிற்கிறது.

பணம் இல்லை என்பீர்கள். பாதி உண்மை. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு நம்மைப் போன்ற ஊர்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிவைக்கப்பட்டது. அப்படிக் கட்டுப்பாடு இல்லாத 40 சதவீதம் எந்தெந்தத் தெருவில் பேவர் பிளாக்காகக் கிடக்கிறதென்று உங்களுக்கே தெரியும்.

பட்ஜெட்டுக்கு முன் ஐந்தாண்டு வேலைகளை ஒரே பட்டியலாக எழுதுங்கள். வார்டு எண்ணை மறைத்துவிட்டு வரிசைப்படுத்துங்கள். எது இடிந்தால் உயிர் போகும், எது அதிக வீடுகளைக் காக்கும், எதைத் தள்ளிப்போட்டால் செலவு ஏறும் என்று பாருங்கள். கட்டிய பின் பராமரிக்க ஆளும் காசும் உண்டா என்றும் கேளுங்கள். அதைக் கேட்காமல் கட்டிய எங்கள் பூங்கா பூட்டிக் கிடக்கிறது, நீரூற்றில் கொசு வளர்கிறது. குழாயும் சாக்கடையும் முடிந்த தெருவுக்கே சாலை போடுங்கள்.

பட்டியலைக் கோப்பில் வைக்காமல் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டுங்கள். என் தெரு 40ஆவது இடத்தில் இருந்தாலும் சரி, கால்வாய் எத்தனையாவது என்றுதான் முதலில் தேடுவேன்.

இப்படிக்கு,
சொத்து வரி பாக்கி வைக்காத ஒருவன்