கொல்லையில் தளிர்க்காலம்

என் செல்வ மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பங்குனி பிறந்ததிலிருந்தே கொல்லையின் பச்சையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் நான் பேச்சைத் தொடங்கும்போதே ‘அப்புறம் கூப்பிடுகிறேன் அம்மா’ என்று நீ வைத்துவிடுவதால் எழுதிவிடுவதே நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன். மாசிக் கடைசியில் மொட்டையாக நின்ற புங்கமரம், கிளை தெரியாத அளவுக்கு எலுமிச்சைப் பச்சையில் தளிர்த்து நிற்கிறது. வேம்பு செம்பு நிறத்தில் துளிர்விட்டு, பச்சைக்கு மாறி, பூவும் எடுத்துவிட்டது. கிணற்றுச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டிவிட வேண்டும் என்று அப்பா ஆண்டுதோறும் சொல்கிறார்; இளஞ்சிவப்பாக மினுக்கும் அதன் தளிரைப் பார்த்ததும் அரிவாளை வைத்துவிடுகிறார்.

மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் ஜனவரி 28-ஆம் தேதி கழிந்து பல வாரங்களாகிவிட்டதால் அரசலாற்றில் மணல்தான் கிடக்கிறது. ஜூன் 12-இல் திறக்கும்வரை தண்ணீர் வர வழியில்லை. இப்படிப்பட்ட வறட்சியில்தான் இம்மரங்கள் தளிர்க்கின்றன. முற்றிய இலைகளை உதிர்த்து, அவற்றின் வழியாக ஆவியாகும் நீரை மிச்சப்படுத்திக்கொண்டு, ஆழத்தில் வேர் தேடிக் கொடுக்கும் ஈரத்தைக் கொண்டே அவை மழைக்கு முன்பாகப் புது இலை விடுகின்றன. இதை எட்டாம் வகுப்பில் நான் நடத்தியபோது நீ கடைசி பெஞ்சில் அமர்ந்து, ‘அப்படியானால் மரத்துக்குத் தண்ணீர் வரும் என்று எப்படித் தெரியும், டீச்சர்?’ என்று கேட்டாய். வகுப்பறையில் என்னை ஒருமுறைகூட அம்மா என்று அழைக்காத பிள்ளை நீ. அந்தக் கேள்வியை ஆசிரியர் அறையில் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன் என்பது உனக்குத் தெரியாது.

பாட்டி வைத்த மா, ஒரு பக்கக் கிளைகளில் பிஞ்சும் மறுபக்கக் கிளைகளில் தளிருமாக நிற்கிறது. தளிர்கள் முதலில் கருஞ்சிவப்பாகத் துவண்டு தொங்குகின்றன. பிறகு செம்பு நிறமாகி, வெளிறி, இளம்பச்சையாகி, விறைத்து நிமிர்ந்து, கடைசியில் கரும்பச்சையில் நிலைகொள்கின்றன. இளம் இலையில் பச்சையம் சேர்வதற்கு முன்னால் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி நிறைந்திருப்பதும், கடும் வெயிலிலிருந்து அது தளிரைக் காக்கிறது என்று கருதப்படுவதும் நீ அறிந்தவையே. ஒரே இலையில் சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தெரியும் அந்தப் பருவத்தைப் பார்க்கும்போது, திருபுவனத்தில் உனக்கு எடுத்த மாந்தளிர் நிறப் பட்டு நினைவுக்கு வருகிறது. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த அந்தப் புடவையை மாப்பிள்ளைதான் தேர்ந்தெடுத்தார். அதை அங்கு கொண்டுபோனாயா, இல்லை அலமாரியிலேயே இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இங்கு இல்லை.

தெற்குத் தெருவில் அந்தக் காரியம் ஒருவழியாக முடிந்தது. அப்பா போய் வந்தார். அது இருக்கட்டும்.

சென்ற ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸில் உங்கள் வீட்டுப் பீச் மர வேலியின் படங்களை வாரம் தவறாமல் அனுப்பினாய். குளிர்காலம் முழுவதும் காய்ந்த பழுப்பு இலைகளை உதிர்க்காமல் பிடித்திருந்த வேலி, ஏப்ரல் கடைசியில் புது மொட்டு விரிந்தபோதுதான் அவற்றை விட்டது. ஓரங்களில் பட்டுப்போன்ற மென்மயிரோடு, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருந்த அந்தப் பச்சை எங்கள் வெயிலில் கிடைக்காத பச்சை என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். இந்த ஆண்டு சித்திரைப் பிறப்பன்று ஒரே ஒரு படம் அனுப்பியிருந்தாய். சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஹாதார்ன் செடி துளிர்த்திருந்தது அழகுதான். ஆனால் அதன் பின்னால் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றதே? ஞாயிறுதோறும் மாப்பிள்ளைதான் வெட்டுவார், ஒரு வாரம் விட்டால்கூட அவருக்குப் பொறுக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். இப்போது யார் வெட்டுகிறார்கள்?

வேலை மிகுதி என்பாய். மார்ச் கடைசி ஞாயிறன்று உங்கள் ஊரில் கடிகாரத்தை மாற்றியதிலிருந்து நமக்கு இடையே நாலரை மணி நேரந்தான் வித்தியாசம். ஒரு மணி நேரம் குறைந்தும் பேச்சு கூடவில்லை. மாப்பிள்ளையிடம் கொடு என்றால் அலுவலகம், குளியல், தூக்கம் என்று ஏதாவது ஒன்று. ஊரிலிருந்து போய் இரண்டு பதவி உயர்வு வாங்கிய பெண்ணுக்குத் தாயிடம் ஐந்து நிமிடம் பேச முடியவில்லை என்று சம்பந்தி வீட்டில் சொல்லிச் சமாளிக்கிறேன். அவர்களும் அண்மைக்காலமாக அதிகம் பேசுவதில்லை.

காலையில் எழுந்ததும் வெளியே போய் அந்த வேலிப் பக்கம் சற்று நேரம் நில். திரையை மூடிக்கொண்டு அறைக்குள்ளேயே இராதே. வேலியை இப்போது கத்தரிக்காதே, குருவிகள் கூடு கட்டும் காலம். புல்லையும் நீயே வெட்டப் போகாதே, ஆள் வைத்துக்கொள். காலையில் சாப்பிடு. சாப்பிடாவிட்டாலும் வெளியே போய் நில்.

வேப்பம்பூவை வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவைத்திருக்கிறேன். அஞ்சலில் அனுப்ப எண்ணியிருந்தேன். இப்போது நானே கொண்டுவருவதாக முடிவு செய்திருக்கிறேன். விசாவுக்கு வேண்டிய தாள்களை அப்பா எடுத்து வைத்துவிட்டார். உங்கள் பீச் இலை ஜூனில் முற்றிக் கருத்துவிடும் என்று நீ சொன்னதால், மே மாதம் முடிவதற்குள் வந்தால்தான் அந்தப் பச்சையைப் பார்க்க முடியும்; அதற்காகத்தான் வருகிறேன் என்று இங்கு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு நீ ஒருத்தி வந்தால் போதும். யார் வரவில்லை என்று நான் கேட்கமாட்டேன். எந்தத் தேதி வசதி என்பதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
அம்மா