கோட்டை மான்களைப் பார்க்கக் கூட்டிப்போனவர்களுக்கு நன்றி

அன்புக்குரிய எல்லோருக்கும் வணக்கம்.

திருகோணமலை பிரட்ரிக் கோட்டைக்குள் தரம் 8 பிள்ளைகளோடு போன இயற்கை நடை நல்லபடி முடிந்தது. வழிகாட்டி என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். அன்று வழிகாட்டியது என்னவோ வேறு ஆட்கள்தான். நான் பெரும்பாலும் தலைகளை எண்ணிக்கொண்டும் தண்ணீர்ப் போத்தல்களைத் தேடிக்கொண்டும் திரிந்தேன். நன்றி உரிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் ஆட்டோ அண்ணன்மார். பேசிவைத்த வாகனம் காலையில் வராமல் போனபோது, அரை மணித்தியாலத்துக்குள் அன்புவழிபுரத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கினீர்கள். பெற்றோல் காசுக்கு மேல் வாங்கவும் மாட்டோம் என்றீர்கள். கோட்டை வாசலில் நின்ற படையினர் அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, எங்கே போகலாம், எங்கே கூடாது என்று பொறுமையாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் நன்றி.

வரலாற்று ரீச்சர் வாசற்கல்லில் உள்ள மீன் உருவங்களைக் காட்டி, 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் இந்தக் கோட்டைக்குள் போன கதையைச் சுருக்கமாக முடித்தார். அதற்குள் பிள்ளைகளின் கண் மான் பக்கம் போய்விட்டது. ரீச்சர் கோபிக்கவில்லை.

ஓய்வுபெற்ற வன இலாகா ஐயாவுக்கு என்ன சொல்வது? மரத்தின் பெயர், மிருகத்தின் பெயர் என்று ஒப்புவிப்பார் என நினைத்திருந்தேன். அவரோ, “எல்லா ஆண் மானுக்கும் கொம்பு இருக்கா? வடிவாப் பாருங்கோ” என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். பாதையோரம் தினமும் பார்த்த மான்களைப் பிள்ளைகள் அன்றுதான் நின்று பார்த்தார்கள். ஒன்றுக்கு முற்றிய கிளைக்கொம்பு. இன்னொன்றுக்கு மெத்தென்ற தோல் போர்த்த கட்டைக்கொம்பு. வேறொன்றுக்குக் கொம்பே இல்லை, நெற்றிக்கு மேலே இரண்டு தழும்புகள் மட்டும். அது பெண்மான்தான் என்று அடித்துச் சொன்னவர்களே அதிகம்.

பிறகுதான் ஐயா வாயைத் திறந்தார். மாட்டுக்கொம்பு தானாக விழாது. மான்கொம்பு எலும்பு. அது விழுந்து விழுந்து புதிதாய் முளைக்கும். வளரும் காலத்தில் மேல்தோலுக்குள் இரத்தம் ஓடும், முற்றியதும் தோல் காய்ந்து உரியும், மான் அதை மரத்தில் தேய்த்துக் கழற்றும். குளிர்நாட்டு மான்களில் ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருவத்தில் கொம்பு உதிர்க்கும். நமது புள்ளிமான்களுக்கு அப்படியில்லை, ஆளாளுக்கு ஒரு காலம். அதனால்தான் ஒரே கூட்டத்தில் மூன்று நிலையும் தெரிந்தது. தேய்த்த தடத்தை ஒரு மரத்தடியில் கண்டுபிடித்தது நானல்ல, கடைசி வரிசையில் வாயே திறக்காமல் வந்த ஒரு பிள்ளை.

அப்புறம் ஐயா மேலே பார்க்கச் சொன்னார். கிளைகளின் அடிப்பக்கம் கத்தரித்துவிட்ட மாதிரி ஒரே மட்டத்தில் நின்றது. மானின் வாய் எட்டும் உயரம் அது. ஆல், புளி எல்லாம் பெரிய மரங்கள், கீழே மரக்கன்றைத்தான் காணவில்லை, முளைத்ததை மான் தின்றுவிடுகிறது. இந்த மரம் விழுந்தால் பிறகு எது வரும் என்று ஒருவன் கேட்டான். அனுமதி எடுத்து நாலைந்து மரக்கன்றுக்குக் கம்பிக்கூடு அடித்துப் பார்க்கலாம் என்றார் ஐயா. கம்பி வாங்கித் தர ஒரு தகப்பன் அங்கேயே ஒத்துக்கொண்டார். அவருக்கும் நன்றி, கொஞ்சம் முன்கூட்டியே!

கோயில் வீதியில் கடை வைத்திருக்கும் அக்கா, உங்களை நாங்கள் அழைக்கவே இல்லை. நீங்களாகவே கடைக்குப் பின்னால் போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கொட்டினீர்கள். மான்களின் வாயில் போகுமுன் பொறுக்கிய பொலித்தீன். உப்பும் இனிப்பும் ஒட்டியிருப்பதால்தான் பையோடு விழுங்குது என்று நீங்கள் சொன்னதற்கு, விஞ்ஞான ஆசிரியர் மீதியைச் சேர்த்தார். மான் மாதிரி அசைபோடும் பிராணிக்கு வயிறு நாலு அறை. பொலித்தீன் முதல் அறையில் தங்கிச் சுருண்டுவிட்டால் கீழேயும் போகாது, மேலேயும் வராது. வயிறு நிறைந்த நினைப்பிலேயே மான் மெலிந்து சாகும். அதற்குப் பிறகு, வாழைப்பழம் கொடுக்க வந்த ஒரு குடும்பத்தைப் பிள்ளைகள் விசாரித்த விசாரணையைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் தடுக்கவில்லை.

வாழையிலையில் சோறு கட்டித்தந்த அம்மாமாரே, சோறு சுற்றும் பொலித்தீன் தாள், அந்த லஞ்ச் ஷீட், ஒன்றுகூட இல்லாமல் சாப்பாடு முடிந்தது. இலையை மான் தின்னலாமா என்று கேட்டார்கள். குழம்பு பட்டதால் வேண்டாம் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

கடைசியாக, பைனாகுலரை இரவல் தந்த டொக்டர். கோட்டைக்குள்ளேயே கடலைப் பார்த்து நிற்கும் சுவாமி மலை உச்சியில் அதற்கு வரிசை நின்றது. இங்கே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே வருகிறது, அதனால் திமிங்கிலம்கூடத் தெரியலாம் என்று நான் சொல்லித் தொலைத்தேன். பிறகு யாரும் நகர மறுத்துவிட்டார்கள். திமிங்கிலம் வரவில்லை, ஒரு கடற்கழுகு வந்தது. பைனாகுலர் பத்திரமாக என்னிடம் இருக்கிறது. இன்னும் ஒரு கிழமை வைத்திருக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள், டொக்டர்.