ஜெர்மன் குடியுரிமை கேட்கும் மகளுக்கு

கூடலூர்,
நீலகிரி மாவட்டம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம். மழைதான் இந்த வருடம் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், அது கைக்கு வந்தவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதால் அப்பா என்ன நினைப்பாரோ என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். "சோறு போட்ட நாட்டை விட்டுக்கொடுக்கிறாயே" என்று உன் பெரிய மாமா தொலைபேசியில் கேட்டதை அம்மா என்னிடம் சொன்னாள். மாமா நல்லவர். பிறந்த ஊரிலேயே பட்டாவும் வாக்கும் ரேஷன் அட்டையும் கேட்காமலே கிடைத்தவருக்கு இதெல்லாம் எளிதான கேள்வியாகத்தான் தெரியும். தொலைபேசியில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம் என்பதால், நான் நினைப்பதை எழுதியே அனுப்புகிறேன்.

நம் குடும்பத்துக்கு எது நாடு என்பதைப் பல தலைமுறைகளாகப் பிறர்தான் முடிவு செய்திருக்கிறார்கள். துறையூர்ப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு கடல் தாண்டி இலங்கைக்குப் போனவர் உன் பூட்டனார். உன் தாத்தா அங்கே அட்டனுக்கு அருகே, ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவரும் வரிசையில் நின்று வாக்களித்தார். மலைநாட்டுத் தொகுதிகள் சிலவற்றில் தோட்டத் தொழிலாளரின் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்கள் வென்றார்கள். அடுத்த ஆண்டே, இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில மாதங்களுக்குள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமாவது அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்டது. தாத்தாவின் அப்பா பிறந்தது துறையூர்ப் பக்கம் அல்லவா? அதோடு தாத்தாவின் குடியுரிமை போயிற்று. 1949இல் வாக்கும் போயிற்று. தொடர்ந்து அங்கே வாழ்ந்ததை நிரூபித்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்று 1949இல் இன்னொரு சட்டம் வந்தபோது தாத்தாவும் விண்ணப்பித்தார். சான்று போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பில் தினமும் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய தோட்டத்தில் வாழ்ந்த ஒருவர், தான் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட முடியாமல் நின்றார் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகின்றன.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்பது அதன் சாரம். அந்த எஞ்சியவர்களையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று அந்தப் பேச்சுவார்த்தைக்கு முன்னால் எந்த லயத்துக்கும் வந்து யாரும் கேட்கவில்லை. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், அவருடைய தம்பி இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் பிறந்து வளர்ந்த அண்ணனும் தம்பியும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனது அப்படித்தான்.

1974இல் தோட்டங்களில் பட்டினி வந்தது; மறு வருடம் நாங்கள் புறப்பட்டோம். எனக்கு அப்போது பதினேழு வயது. எங்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்று பிளாட்பாரத்தில் நின்றிருந்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் உனக்கு விளக்க வேண்டியிருக்காது. அப்பாயி கடைசி வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தமிழ்நாடு அரசு இங்கே தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ என்பது உனக்குத் தெரியும். தாத்தா வரும்போது துணி மூட்டைக்குள், தேயிலைச் செடியை வெட்டிவிடும் தம் கவ்வாத்துக் கத்தியைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வெட்டு சாய்வாக விழ வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுவாயில் மழைத் தண்ணீர் தங்கிக் கிளை அழுகிப்போகும் என்று அட்டனில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததையே, அதே கத்தியை வைத்துக்கொண்டு இங்கேயும் இளவட்டங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அங்கே எங்களை இந்தியக்காரன் என்றார்கள்; இங்கே வந்தால் சிலோன்காரன் என்றார்கள். அரசாங்கத் தாளில் எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அங்கே இருந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், எங்களைக் குடிமக்களாக ஏற்காத நாட்டின் தேசிய கீதத்தைத் தமிழில் பாடி வளர்ந்தேன். என்னைக் குடிமகனாக ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு வந்த பிறகோ, வங்காளத்தில் இருக்கும் கீதத்தைப் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தேன். இரண்டையும் மனமாரத்தான் பாடினேன் என்று சொன்னால் உன் மாமா நம்பமாட்டார், நீ நம்புவாய்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டின் மேல் வைக்கும் பற்றும் அந்த நாடு கொடுக்கும் தாளும் ஒன்றாகவே இருக்கும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அவை இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன. நம் வீட்டில் அப்படி அமையவில்லை. தாத்தா சாகும் வரை அட்டனைத்தான் "நம்ம ஊரு" என்று சொன்னார்; இரவில் இலங்கை வானொலி கேட்காமல் படுத்ததில்லை. அதே மனிதர், ஒவ்வோர் ஆகஸ்ட் 15 அன்றும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, தோட்டத்து அலுவலகத்தில் கொடியேற்றுவதைப் பார்க்கப் போவார். 1947க்குப் பிறகு அவர் வாக்களித்தது 1977 மார்ச்சில், இந்த மலையில்தான். இடையில் முப்பது வருடம் ஓடியிருந்தது. அப்போது வாக்களிக்கும் வயது 21 என்பதால் எனக்கு வாக்கு இல்லை, துணைக்குத்தான் போனேன். மை வைத்த விரலை வேட்டியில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து, வீட்டு வாசலில் அப்பாயியிடம் நீட்டிக் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்தவன் என்பதால்தான், குடியுரிமை வெறும் காகிதம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களோடும் என்னால் சேர்ந்துகொள்ள முடிவதில்லை.

மனம் இரண்டு பக்கமும் இழுப்பதைத் துரோகம் என்று நான் எண்ணுவதில்லை. 1996 உலகக் கோப்பை அரையிறுதி உனக்கு நினைவிருக்கலாம். கொல்கத்தாவில் இந்தியாவும் இலங்கையும் மோதின, நீ அப்போது சின்னப் பிள்ளை. நம் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது, எல்லோரும் அங்கேதான் கூடியிருந்தோம். சச்சின் 65 ரன்னில் ஸ்டம்பிங் ஆகிப் போனதும் மளமளவென்று விக்கெட்டுகள் சரிந்தன. இந்தியா 120க்கு 8 என்று நின்றபோது கூட்டம் புட்டிகளை எறிந்தது, இருக்கைகளுக்குத் தீ வைத்தது, கடைசியில் இலங்கை வென்றதாக அறிவித்துவிட்டார்கள். எனக்கு இந்தியா தோற்றதில் வருத்தம்தான். ஆனால் முரளிதரன் பந்தோடு ஓடி வந்தபோதெல்லாம், அவரும் கடல் தாண்டிப் போய்க் கண்டியில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்துப் பையன் என்ற எண்ணத்தில் என் நெஞ்சு நிமிர்ந்தது. அப்படி நிமிர்ந்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தம் நாட்டின் மைதானத்திலேயே தீ வைத்த ரசிகர்களைவிட நான் அன்று குறைந்த இந்தியனாக இருந்ததாகவும் நினைக்கவில்லை.

இந்த நாட்டுக்கு நான் நன்றி உள்ளவன். வேலையும் அரிசியும் கூரையும் கொடுத்தது; உன்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தது. அந்த நன்றியைப் பரீட்சை வைத்துப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை என்பதும் என் கட்சி. 2016இல் திரையரங்குகளில் தேசிய கீதம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் கட்டாயமில்லை என்று மாற்றியது. இடைப்பட்ட காலத்தில், முழங்கால் வலியோடு மெதுவாக எழுந்த ஒரு பெரியவரைப் பின்வரிசைப் பையன்கள் அதட்டியதைப் பார்த்தேன். நான் கட்டாயம் இருந்தபோதும் எழுந்து நின்றேன், இல்லாதபோதும் நிற்கிறேன். அடுத்தவர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பது மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை.

உங்கள் ஊர் ஜெர்மானியர்கள் தங்கள் கொடியை வீட்டு வாசலில் கட்டவே பல காலம் கூச்சப்பட்டார்கள் என்றும், 2006 கால்பந்து உலகக் கோப்பையின்போதுதான் அந்தக் கூச்சம் ஓரளவு விட்டது என்றும் நீ ஒருமுறை சொன்னாய். நாட்டுப் பற்றின் பெயரால் தங்கள் முன்னோர் என்னவெல்லாம் செய்தார்கள் என்று தெரிந்த பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். எனக்கு அது மரியாதையாகவே பட்டது. அதற்காக அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 1961இல் ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வரவழைத்த துருக்கியரின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தும் அயலாராகவே வளர்ந்தார்கள். பிறப்பால் குடியுரிமை பெறும் வழி 2000ஆம் ஆண்டில்தான் திறந்தது என்பதை நீதான் எனக்குச் சொன்னாய். அதைக் கேட்டபோது லயத்து வாழ்க்கைதான் நினைவுக்கு வந்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்று நினைப்பது எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்து அன்று.

எனவே விண்ணப்பித்துவிடு. எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். தாத்தா வாங்கித் தந்த ஒன்று என் மகளோடு நின்றுபோகிறதே என்ற எண்ணம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வரி கட்டி, வேலை செய்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வாழும் ஊரில், யார் ஆளுவது என்று சொல்ல உனக்கு வாய் இல்லாமல் இருப்பது இதைவிடப் பெரிய வருத்தம். வாக்கில்லாத கூட்டம் என்றால் எப்படி நடத்துவார்கள் என்பதற்கு நம் குடும்பமே அத்தாட்சி. இலங்கை மலையகத்தில் தங்கிவிட்ட நம் சொந்தங்களில் பலருக்கு 1988 சட்டத்தாலும், மிஞ்சியவர்களுக்கு 2003 சட்டத்தாலும்தான் குடியுரிமை கிடைத்தது. அதற்குள் எத்தனை பேர் எந்த நாட்டுக்காரரும் ஆகாமலே மண்ணுக்குள் போய்விட்டார்கள்!

இழப்பது என்ன என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு. ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து இரண்டு குடியுரிமையையும் அனுமதிக்கிறது. நம் 1955 குடியுரிமைச் சட்டம் அனுமதிப்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படைக்க வேண்டும். வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கினால் விசா இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம். இங்கே வாக்கு இருக்காது, விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. மாமா கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது, நீ அவரிடம் வாதாட வேண்டாம்.

பாஸ்போர்ட்டை ஒப்படைப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொள். தாத்தா கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட்டும் எங்கள் குடும்ப அட்டையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சட்டம் நாளைக்கு என்ன சான்று கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? பேரனின் ஓ.சி.ஐ. விண்ணப்பத்துக்கு வேறு என்னென்ன தாள் வேண்டும் என்று எழுது. கூடலூரில் எடுக்க வேண்டியது எதுவானாலும் பொங்கலுக்கு முன் எடுத்து அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா