வியாபார வரியா, லொறிக் கூலியா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்துக்குப் புதிய தொழில்கள் வராததற்கு உள்ளூராட்சி வரிகளே காரணம் என்றும், பிரதேச சபைகள் சில ஆண்டுகளுக்கு வியாபார வரியைத் தள்ளுபடி செய்தால் முதலீட்டாளர்கள் தேடி வருவார்கள் என்றும் எமது பகுதியில் அடிக்கடி பேசப்படுகிறது. நுவரெலியா மாவட்டத்தின் கொட்டகலையில் நெடுங்காலம் கடை நடத்தியவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் சபைகள் ஆண்டுதோறும் வர்த்தமானியில் வெளியிட்டுவந்த அறிவித்தல்களின்படி, முந்திய ஆண்டு வருமானம் 150,000 ரூபாயைத் தாண்டிய வியாபாரத்துக்கான உச்ச வியாபார வரி 3,000 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் 250 ரூபாய். இதற்கு அஞ்சி ஊரைவிட்டுப் போன வியாபாரி ஒருவரையும் நான் கண்டதில்லை. உண்மையில் முதுகை வளைப்பவை மத்திய அரசின் வரிகள்: 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும், கம்பனிகள் மீதான 30 வீத வருமான வரியும். இவை கொழும்பிலும் கொட்டகலையிலும் ஒன்றுதான். எங்கும் ஒரே அளவில் இருக்கும் வரியைப் பார்த்து எவரும் இடம் தெரிவு செய்வதில்லை. இடத்துக்கு இடம் மாறும் செலவைத்தான் பார்க்கிறார்கள்.

என் தங்கை மகன் இங்கே சிறிய அளவில் தேயிலை பொதி செய்யும் தொழில் நடத்தினான். சபையின் ரசீது ஒன்றே ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு கம்பியில் லொறிக் கூலி ரசீதுகள் ஒரு சாண் உயரத்துக்குக் குத்தப்பட்டிருக்கும். அட்டைப்பெட்டியும் உறையும் கொழும்பிலிருந்து மலையேறி வரவேண்டும், பொதி செய்த சரக்கு மீண்டும் அதே பாதையில் இறங்கவேண்டும். ஆடி மாத மழையில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடினால் அன்றைய கூலியாட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அட்டைப்பெட்டிகளோ பனிமூட்டத்தில் ஈரம் ஏறி அப்பளம்போல் நமுத்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கொழும்புக்குக் கிட்டிய அவிசாவளைப் பக்கம் போய்விட்டான். போகும்போது வரியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

இது அவன் ஒருவனின் கதையல்ல. 1883 முதல் தேயிலை ஏலம் கொழும்பில் நடக்கிறது, துறைமுகமும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே கலப்பதும் பொதி செய்வதும் பெரும்பாலும் அதைச் சுற்றியே நடக்கின்றன. கொழுந்து பறிக்கும் கை இங்கே, பெட்டியில் பெயர் அச்சிடும் வேலை அங்கே. அந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும் அங்கேதான் வாடகை அறை தேடுகிறார்கள்.

காணியும் ஒரு முட்டுக்கட்டை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக நீண்டதால், நகரத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் சிறு தொழில் செய்பவர் ஒருவர் பட்டறை போட ஒரு துண்டுகூடக் கிடைப்பதில்லை. எஞ்சிய பிரதான வீதிக் கடைகளுக்கோ முற்பணமே மூச்சு முட்டுகிறது.

வரிச் சலுகையால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. சலுகை பெரிதாகவும், இடத்தைப் பார்த்துத் தரப்படுவதாகவும் இருந்தால் தொழில் நகரும். 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்குத் தொழிலைக் கொண்டுசென்றது, ஏற்றுமதிக் கோட்டாவை, அதாவது வெளிநாடுகள் அனுமதித்த ஆடை அளவில் ஒரு பங்கை, காட்டி இழுத்ததால்தான். 2005 தொடக்கத்தில் கோட்டா முறை நீங்கியதும் பல சிறிய தொழிற்சாலைகள் மூடப்பட்டதையும் பார்த்தோம். 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம், 30 இலட்சம் டொலரைத் தாண்டிய முதலீடுகளுக்கு வடக்கில் 200 வீத மூலதனக் கழிவும் (முதலீட்டுச் செலவை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் சலுகை), 10 கோடி டொலர் வரையிலானவற்றுக்கு ஏனைய இடங்களில் 100 வீதமும் வழங்கியது. போரால் நொந்த வடக்குக்கு அது நியாயமே. ஆனால் நுவரெலியா மாவட்டம் கொழும்புடன் ஒரே படியில் வைக்கப்பட்டது. அப்படியிருக்க எந்த முதலாளி மலையேறி வருவார்?

ஆகவே, பிரதேச சபைகள் அந்த 3,000 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டாம். தோட்டப் பகுதிகளுக்குச் செலவிடத் தடையாயிருந்த சட்டப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்ட நிலையில், அப்பணம் தோட்ட வீதிக்கும் வடிகானுக்கும் போகட்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் வரித் தள்ளுபடிக்குப் பதிலாக, குத்தகைக் காணியிலிருந்து நகரையொட்டிய சில ஏக்கரை மீட்டு, ஈரம் புகாத களஞ்சியத்துடன் ஒரு சிறு தொழிற்பேட்டை அமைக்குமாறு அரசிடம் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வியாபாரி ஒருவர்,
கொட்டகலை.